பாக்கியநாதனுக்கு வந்த அழைப்பும் என் தெலுங்கும்

எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. சந்திரகிரியில் வாலிபர்களுக்கு முகாம் வைக்கிறார்களாம். அதில் ‘நம்முடைய அழைப்பை அறிந்துகொள்வது எப்படி’ என்ற தலைப்பில் நான் பேச வேண்டுமாம். “பழைய ஊழியர்களோட எல்லாம் ஒண்ணா ஊர் ஊரா போனவரு நீங்க. கர்த்தர் உங்களை எப்படிக் கூப்பிட்டாருன்னு பசங்களுக்குச் சொல்லுங்க சார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழைப்பைப் பற்றிச் சித்தூர் ஜில்லாவில் என்னைவிட அதிகமாகப் பேசியவன் இருக்க முடியாது. ஆனால் பேசியது எல்லாம் இன்னொருவருக்கு வந்த அழைப்பு. எனக்கு எதுவும் வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, “அதையேதான் சார் பேசணும்” என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பொறாமை. வயதானால் தணிந்துவிடும் என்றார்கள். தலைமுடி கொட்டியது, பல் கொட்டியது, இது மட்டும் அப்படியே இருக்கிறது. முகாமில் பையன்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வேண்டுமானால் பாஸ்டர் வாசிக்கட்டும்.

என் தொழில் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்கியது மிஷன் பள்ளிக்கூடத்தில், வாத்தியாராக. ஆனால் ஜனங்கள் என்னை அறிந்தது வேறு வேலையில். தமிழில் பிரசங்கம் செய்கிற ஐயரின் பக்கத்தில் நின்று, அவர் ஒரு வாக்கியம் சொன்னதும் நான் அதைத் தெலுங்கில் சொல்ல வேண்டும். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) இன்றைக்கு எங்கள் கோயிலில் காலையில் முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்தபின் தெலுங்கு ஆராதனை என்று பிரித்துவிட்டார்கள். நடுவில் ஆள் வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே கூரைக்குள் நடந்தது. எந்தப் பாஷையில் முதல் பாட்டு என்று சண்டை வரும். கடைசியில் ஒரே ராகத்தில் தமிழர்கள் தமிழிலும் தெலுங்கர்கள் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் பாடித் தீர்த்துக்கொள்வோம். பாட்டை அப்படித் தீர்க்கலாம். பிரசங்கத்தை அப்படித் தீர்க்க முடியாது. அதற்குத்தான் நான்.

எங்கள் வீடு புத்தூர்ப் பக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நைனா, அதாவது அப்பா, மிஷன் ஆஸ்பத்திரியில் சமையல்காரர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஐயர் ஆக வேண்டும் என்ற ஒரே ஆசைதான். ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால் வெங்காய மூட்டை மேல் ஏறி நின்று, காத்திருக்கும் நோயாளிகளின் உறவுக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்வேன். வசனமெல்லாம் மனப்பாடம். பிறகு படிப்பு, விடுதி, வாத்தியார் பயிற்சி. அதில் சொல்ல ஒன்றுமில்லை, பாக்கியநாதன் அங்கே கிடைத்தார் என்பதைத் தவிர. பாலாற்றங்கரைக்காரர், வேலூர்ப் பக்கம். ஒரே அறையில் இருந்தோம். என் சோப்பைத்தான் தேய்த்துக் குளிப்பார். “இன்னாடா ஆசீர்வாதம், எப்பப் பாரு படிச்சிக்கினே கீற” என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்த ஆள். வசனம் கேட்டால் பாதியில் விட்டுவிடுவார். ஐயர் ஆகப் போகிறேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முடிந்த வருஷம் ஊழியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இருவரும் சித்தூருக்குப் போனோம். மிஷன் பங்களா வராந்தாவில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் சாலமோன் ஐயர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கை முழுக்க அவர் கையில்தான் இருந்தது. ஒல்லியான மனுஷர். வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது. கேள்வி கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாம் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் துடைப்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயம் என்பார்கள் சிலர். யாருக்கும் இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு “ஜெபிப்போம்” என்பார். அவ்வளவுதான், எழுந்து வந்துவிட வேண்டும்.

கமிட்டிக்கு ஒரே கேள்வி. “கர்த்தர் உன்ன எப்படிக் கூப்பிட்டாரு?” இதற்கு அழைப்பின் சாட்சி என்று பெயர். படிப்பு, குணம் எல்லாம் அப்புறம். சாட்சி இல்லாதவனை எடுக்க மாட்டார்கள்.

பாக்கியநாதன் முதலில் போனார். வராந்தாவுக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோடைக்காலம், உச்சி வெயில். அம்மா எண்ணெய் வாங்கிவர அக்கரைக்கு அனுப்பினாளாம். தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் நடந்துபோகும்போது, பின்னாலிருந்து யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். திரும்பினால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஆளே இல்லையாம். மறுபடியும் கூப்பிட்டார்களாம். கையிலிருந்த பாட்டில் நழுவி விழுந்ததாம், உடையவில்லையாம். கொதிக்கும் மணலில் அப்படியே முழங்கால் போட்டதில் தோல் வழன்றுவிட்டதாம். கமிட்டியில் இருந்த அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆற்று மணலில் விழுகிற பாட்டில் எப்படி உடையும்? அது அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரே அறையில் அத்தனை நாள் இருந்தோமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? பிறகு கேட்டதற்கு, “அதெல்லாம் சொல்றதுக்கு வெக்கமா இருந்துதுடா” என்றார். வெட்கப்படுகிறவனுக்கு வருகிறது, மூட்டை மேல் ஏறி நின்று கத்தினவனுக்கு வரவில்லை.

என் முறை வந்தது. பொய் சொல்ல எனக்குத் தெரியாது. “ஐயா, எனக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கல. சின்ன வயசுலேர்ந்து எனக்கு இதான் வேணும்” என்றேன். சாலமோன் ஐயர் துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார். “வேணும்னு நீ சொல்ற. நீ வேணும்னு அவரு சொன்னாரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஜெபிப்போம்.”

பாக்கியநாதன் அங்கி போட்டுக்கொண்டார். நான் புத்தூர் மிஷன் பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். அதுவரை ‘டா’ போட்டுப் பேசிய ஆளை நாலு பேர் எதிரில் ‘நீங்க, வாங்க’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது ஒன்றும் சுலபமாக இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் எங்கேயோ ஒரு மூலையில் பொறாமைப்பட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். விடவில்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தது. எங்கள் ஜில்லா அதில் போனது. தெலுங்கு இல்லாமல் எந்த வேலையும் நடக்காது என்று ஆனபோதுதான், எங்கள் பக்கத்துச் சபைகளைப் பாக்கியநாதனிடம் கொடுத்திருந்தார்கள். அவருக்குத் தெலுங்கில் ‘தண்ணி குடுங்க’ என்று கேட்கக்கூட வராது. சாலமோன் ஐயர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கும் வேளை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

“பாக்கியநாதன் பேசுவாரு. நீ பக்கத்துல நின்னு தெலுங்குல சொல்லு” என்றார்.

காலிக் கோயிலில் பெஞ்சுகளுக்கு முன்னால் நிறுத்தி அவரே எனக்குப் பழக்கிக் கொடுத்தார். ஐயருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். அவர் கையை நீட்டினால் நான் நீட்டக் கூடாது. வசன எண்ணை அவர் தப்பாகச் சொன்னால் நானும் தப்பாகவே சொல்ல வேண்டும், ஜனங்கள் முன்னால் ஐயரைத் திருத்தக் கூடாது. அவர் அழுதால் நான் அழக் கூடாது, ஏனென்றால் இரண்டு பேரும் அழுதால் பேசுவது யார்? ஒரு வார்த்தையை நான் கூட்டிச் சொன்னாலும் சாலமோன் ஐயர் கண்ணாடிக் கூட்டால் மேசையில் தட்டுவார். முதல் நாளே ஒரு பெரிய தட்டு வாங்கினேன். “ஐயர் சொல்றாரு, அவரு சின்ன வயசுல” என்று ஆரம்பித்திருந்தேன்.

“அவரு சொல்றாரு, இவரு சொல்றாருன்னு சொல்ல நீ இன்னா கோர்ட்டு டவாலியா? அவரு ‘நான்’னா நீயும் ‘நான்’தான். நடுவுல ஒருத்தன் நிக்கிறான்னு கேக்கிறவனுக்குத் தெரியவே கூடாது.”

கேட்கிறவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். நடுவில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா?

பாக்கியநாதன் எந்தப் பிரசங்கம் செய்தாலும் முடிவில் பாலாற்று மணலுக்கு வந்துவிடுவார். அதுதான் அவருடைய சொத்து. தன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், “என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டாங்க” என்பதோடு சரி. உடனே நான் தெலுங்கில், “நேனு” என்று ஆரம்பிக்க வேண்டும். நேனு என்றால் நான். நான் ஆற்று மணலில் நடந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். என் கையிலிருந்து பாட்டில் விழுந்தது, உடையவில்லை. எனக்கு வராத அழைப்பை, எனக்கு வரவில்லை என்று தள்ளிவிட்ட அதே மிஷன், ஊர் ஊராக என் வாயாலேயே ‘எனக்கு வந்தது’ என்று சொல்லவைத்தது. இதைவிட ஒரு மனுஷனை வயிறெரிய வைக்க முடியுமா, சொல்லுங்கள்.

இந்த மாதிரிப் பிரசங்கத்தை முன்னே பின்னே பார்த்திராத ஊர்களில் வேடிக்கையெல்லாம் நடக்கும். இரண்டு ஐயர்கள் வந்து முறைபோட்டுப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு ஊரில் கிழவர் ஒருவர் கூட்டம் முடிந்து என்னிடம் வந்து, “விழுந்துச்சே ஒரு பாட்டிலு, அதுல எண்ணெ இருந்துதா?” என்று தெலுங்கில் கேட்டார். நான் திரும்பிப் பாக்கியநாதனிடம் தமிழில் கேட்டு, காலிப் பாட்டில்தான் என்று பதில் சொன்னேன். என் கையிலிருந்த பாட்டிலைப் பற்றி நான் இன்னொருவரிடம் ஏன் கேட்டேன் என்று கிழவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

பாக்கியநாதன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவர். ஊரில் கோழி அடித்துச் சாப்பாடு போட்டால் காலும் நெஞ்சும் ஐயர் இலைக்குத்தான் போகும். அவர் காலை எடுத்து என் இலையில் வைப்பார். “துன்னு, ஆசீர்வாதம். நீதானே கத்திக் கத்திப் பேசின” என்பார். எனக்கு அது தொண்டையில் இறங்காது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிவந்து அவரிடம் ஜெபம் கேட்பார்கள். அவர் ஜெபிப்பார், நான் அந்த ஜெபத்தையும் தெலுங்காக்குவேன். பாகாலா ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, “இன்னிக்கு நல்லா சொன்னடா” என்று முதுகைத் தட்டுவார். யாருடைய சொத்தையோ நான் நன்றாகக் காவல் காத்தேன் என்று பாராட்டு.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அவர் தமிழில் சொல்லும்போது அழாத ஜனங்கள், நான் தெலுங்கில் சொல்லும்போது அழுதார்கள். வருஷம் ஆக ஆக அவர் அதைக் கடைச் சாமான் பெயரைச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது நடந்து முடிந்த விஷயம். எனக்கு நடக்காத விஷயம். ‘என் பெயரைக் கூப்பிட்டார்கள்’ என்று சொல்கிற அந்த ஒரு மூச்சுக்குள்ளாவது எனக்கு அது நடந்தது. அதற்காகவே அடுத்த ஊருக்குப் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

அப்போது எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்தது. எந்தக் கிராமம் எந்த ராஜ்யத்துக்கு என்று டீக்கடையில் பேச்சு, பள்ளிக்கூடத்தில் பேச்சு, கோயிலிலும் பேச்சு. வரதய்யபாளையம் பக்கம் அப்போது ராஜ்யம் மதராஸ், ஜனங்கள் பேசுவது தெலுங்கு. அந்தப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் நாங்கள் ஒரு தடவை கூட்டம் நடத்திவிட்டு வந்தோம். அந்த ஊரிலிருந்து ஒரு பெண், சில மாதங்கள் கழித்து, சித்தூர்க் கமிட்டி முன்னால் வந்து நின்றாள். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பெயர் சந்தோஷம்மா. கிறிஸ்தவக் குடும்பந்தான். புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போயிருந்தான். புருஷனின் அண்ணன் யோசேபு, அவனும் மனைவியை இழந்தவன், இவளை அவனுக்கே கட்டிவைக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நிலத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே. இவளுக்கு இஷ்டமில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வசனமும் சொல்லிக்கொடுக்கும் ஊழியக்காரியாக மிஷன் தன்னை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டாள். யோசேபும் கூடவே வந்திருந்தான். கமிட்டி எடுத்துக்கொண்டால் இங்கே, இல்லையென்றால் அடுத்த வாரம் கல்யாணம். அவனே வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னான்.

கமிட்டியின் நடுவில் அதே சாலமோன் ஐயர். பாக்கியநாதனும் இப்போது கமிட்டியில் ஒருவர். கமிட்டி பாஷை தமிழ், அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நான். சாலமோன் ஐயருக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். ஆனாலும் நான் தமிழில் சொல்லி முடிக்கிறவரை அவர் காதில் எதுவும் விழுந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். முறை என்றால் முறை.

“கர்த்தர் உன்ன எப்படிக் கூப்பிட்டாரு?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் தெலுங்கில் கேட்டேன்.

அவள் என்னைக் கையால் காட்டிப் பேசினாள். “ஐயா, இவங்க ஏதோ தப்பா நெனச்சிக்கினு” என்று ஆரம்பித்தேன். கண்ணாடிக் கூடு மேசையில் தட்டியது.

“அவ சொன்னத மட்டும் சொல்லு.”

சொன்னேன். “இந்த வாத்தியார் எங்க ஊருக்கு வந்தாரு. ஆத்து மணல்ல அவரைத் தேவன் கூப்பிட்டதைச் சொன்னாரு. அவரு சொல்லச் சொல்ல, என்னையும் யாரோ கூப்பிடறது எனக்குக் கேட்டுது. அதுலேர்ந்து எனக்கு வீட்டுல இருப்புக்கொள்ளல.”

பாக்கியநாதன் சடக்கென்று நிமிர்ந்தார். கமிட்டி அம்மா இருமினாள். யோசேபு இடத்தைவிட்டு எழுந்தே விட்டான். “பாத்தீங்களா? யாரோ ஒரு ஆம்பள வந்து எதையோ பேசிட்டுப் போறான், இவ அந்தப் பேச்சு பின்னால வரா. அந்தப் பந்துலுவையே கேளுங்க” என்றான். பந்துலு என்றால் வாத்தியார். “அவரைத் தேவன் கூப்பிட்டது நெசம்தானா? நெஞ்சுல கைய வெச்சு ஆமான்னு சொல்லட்டும். இவள இங்கயே விட்டுட்டுப் போறேன். பொய்னா என்னோட வரட்டும்.”

என்னைப் பற்றிக் கேட்ட கேள்வியை நானே தமிழாக்கிக் கமிட்டிக்குச் சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். சாலமோன் ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ‘ஜெபிப்போம்’ வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“இதுக்கு நீயே பதில் சொல்லு.”

அவுனு என்று தெலுங்கில் ஒரே வார்த்தை, ஆமாம். அதைச் சொன்னால் போதும். அவள் பிழைத்துவிடுவாள். எனக்கும், நான் பிறந்த நாளிலிருந்து கேட்டது, ஒரு வராந்தா அளவுக்காவது கிடைத்துவிடும். நான் பாக்கியநாதனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். சொல்லிக்கோ, நீயே எடுத்துக்கோ என்கிற மாதிரி. கோழிக்காலை எடுத்து என் இலையில் வைப்பாரே, அதே முகம்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அவர் கொடுத்து நான் வாங்குவதா? இதையுமா?

“காது” என்றேன். தெலுங்கில் இல்லை என்று அர்த்தம். “அது எனக்கு வந்ததில்ல. இதோ உக்காந்திருக்காரே, இந்த ஐயருக்கு வந்தது. அவரு சொன்னதத் தெலுங்குல சொன்னேன், அவ்வளவுதான். என்னை யாரும் கூப்பிடல. கூப்பிடுவாங்கன்னு பாத்துப் பாத்து” என்று தொடங்கினேன். அப்படியே நிறுத்திவிட்டேன். என் பொறாமை என்னைக் கொண்டுபோய் உண்மையில் விட்டது. மற்றவர்களுக்குப் பக்தி செய்யும் வேலையை எனக்கு அது செய்தது.

யோசேபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “கேட்டியா? எழுந்திரு, பஸ்ஸு போயிடும்.”

அவள் எழுந்திருக்கவில்லை. பாக்கியநாதனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் பேசினாள், அவசரமே இல்லாமல். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’.

“அப்படியா? எனக்குத் தெரியாது. அந்த ஐயர் அன்னிக்குப் பேசும்போது நான் அவரு மொகத்தப் பாக்கவே இல்ல. அவரு கொரலு வயிறு நெறைய சாப்ட்டுட்டுப் பேசற மாதிரி இருந்துது. இவரு பசியோட சோத்தப் பத்திப் பேசினாரு. எனக்கும் அந்தப் பசிதான். சோறு யாரு வீட்டுதுன்னு நான் இப்பக் கேக்க மாட்டேன். எனக்குக் கேட்டது கேட்டதுதான்.”

‘எனக்கும் அந்தப் பசிதான்’ என்று தமிழில் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது அவள் சொன்னதா, நான் சொன்னதா என்று அந்த வராந்தாவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது.

சாலமோன் ஐயர் என் தமிழுக்காகக் காத்திருந்தார், வழக்கம்போல. நான் முடித்ததும் யோசேபு பக்கம் திரும்பி, நேராகத் தெலுங்கிலேயே பேசினார். “நீ பஸ்ஸுக்குப் போப்பா. இந்தப் பொண்ணு இங்கதான் இருக்கப்போவுது.” தன் முறையைத் தானே மீறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவருடைய தெலுங்கு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அந்த நேரத்திலும் அதற்கு ஒரு பொறாமை வந்தது எனக்கு.

திரும்பி வரும்போது ரயிலில் பாக்கியநாதன், “ஆமான்னே சொல்லியிருக்கலாமேடா” என்றார்.

“உங்களுக்கு வந்தத நான் எதுக்குச் சொந்தம் கொண்டாடணும்?”

“எனக்கு வந்துதான்னு இப்பல்லாம் எனக்கே சந்தேகமா கீது. நீ தெலுங்குல சொல்றப்ப, ஒரு வார்த்தை புரியாமயே, ஆமா, வந்துதுதான்னு நெனச்சிக்கிறேன்” என்றார்.

அவருக்குச் சந்தேகம் வந்தாலும் எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள். எனக்கு வருகிற சந்தேகத்தை எடுத்துக்கொண்டு எந்த மேடையிலும் ஏற முடியாது.

எல்லை கடைசியில் தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மதராசுக்குப் போனது, சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. பாக்கியநாதனைத் திருத்தணிப் பக்கத்துச் சபைகளுக்கு மாற்றினார்கள். அங்கே தமிழ் போதும். இங்கே இனிமேல் நான்தானே என்று நான் மறுபடியும் சாலமோன் ஐயரிடம் போய் நின்றேன். கண்ணாடியைத் துடைத்தார். “அப்புறம் ஏதாவது கேட்டுதா?” என்றார். “இல்லீங்க ஐயா” என்றேன். “ஜெபிப்போம்.” தெலுங்குக்கார ஐயர் ஒருவர் வந்தார். நான் கரும்பலகைக்குத் திரும்பினேன். கல்யாணம், கன்வென்ஷன் என்று எப்போதாவது கூப்பிட்டால் போய் மொழிபெயர்த்துவிட்டு வருவேன். அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இதைப் படிக்கிற பையன்கள் கேட்கலாம்: அப்படியென்றால் மொழிபெயர்ப்பதுதான் உங்களுக்கு வந்த அழைப்பு, இல்லையா சார்? எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். என் மனைவி சொன்னாள், பாக்கியநாதன் திருத்தணியிலிருந்து வரும்போதெல்லாம் சொன்னார். சொல்வது சுலபம். எனக்குக் கிடைத்தது வேலை. நான் கேட்டது வேறு.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், கூட வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சத்தியவேடு போயிருந்தேன். பக்கத்துக் கோயிலில் பெண்கள் கூட்டம் நடக்கிறது, சந்தோஷம்மா பேசுகிறார்கள் என்றார்கள். அதற்குள் அந்தப் பக்கம் முழுக்க அவள் பெயர் தெரியும். அவளிடம் எழுத்துப் படித்த பெண்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நான் முன்னால் போகாமல், கடைசித் தூணுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்குத் தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. தான் இந்த வேலைக்கு வந்த கதையைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஊருக்கு ஒரு பந்துலு வந்தாரு. வேற யாருக்கோ வந்த அழைப்பத்தான் அவரு சொல்லிக்கினு இருந்தாரு, அது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சிது. ஆனா அவரு வாயத் தொறந்து சொல்லிக்கினு இருந்தாரே, அப்பதான் தேவன் அவரக் கூப்பிட்டுக்கினு இருந்தாரு. நான் கண்ணால பாத்தேன். அந்த மாதிரி ஒரு மொகத்த நான் அதுக்கு முன்னயும் பாக்கல, அதுக்கு அப்புறமும் பாக்கல. அவருக்குத்தான் கேக்கல. பாவம், அடுத்த வார்த்தைக்குத் தெலுங்கு தேடிக்கினு இருந்தாரு.”

பெண்கள் சிரித்தார்கள். அவளுடைய அந்தச் சின்ன ஊரில், அன்றைய கூட்டத்தில், கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தேவன் கூப்பிடக் கூப்பிட நின்றுகொண்டிருந்தானே ஒரு பந்துலு, அவன் மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, பாக்கியநாதன் மேல்கூட எனக்கு அவ்வளவு வந்ததில்லை.